சேவல் எந்தப் பாஷையில் கூவும்?

புவேர்ட்டோ ரிக்கோத் தீவின் எழுத்தாளர் அபெலார்தோ தியாஸ் அல்ஃபாரோ 1947-ஆம் வருஷத்தில் வெளியிட்ட 'தெர்ராஸோ' என்னும் கதைத் தொகுதியிலே ஒரு கிராமத்து உபாத்தியாயர் வருகிறார். அவர் பெயர் பெயோ மெர்ஸே. ஏழைக் குடியானவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, யாருக்கும் தீங்கு நினையாமல் காலம் தள்ளி வருகிற மனிதர். ஒருநாள் மேலதிகாரியிடமிருந்து தாக்கீது வருகிறது. இனிமேல் ஆங்கிலத்தைத் தீவிரமாகப் போதிக்க வேண்டுமாம். பாவம், உபாத்தியாயருக்கே அந்தப் பாஷை அரைகுறைதான். ஆயினும் சர்க்கார் உத்தரவு அல்லவா? அமெரிக்க வாசகப் புத்தகத்தை எடுத்துப் புரட்டுகிறார். அதில் வாட்டசாட்டமான ஒரு சேவலின் படம் இருக்கிறது. சேவல் என்றால் பிள்ளைகளுக்குத் தெரியும். அதைக் கொண்டே பாடத்தைத் தொடங்கலாம் என்று தீர்மானிக்கிறார். ஆங்கிலத்தில் சேவலுக்கு இன்ன பெயர் என்று சொல்லியாகிறது. அது ஆங்கிலத்தில் எப்படிக் கூவும் என்பதும் சொல்லியாகிறது: 'காக்-அ-டூடுல்-டூ!' பிள்ளைகள் விழிக்கிறார்கள். கடைசியில் ஒரு பொடியன், அது ஒருவேளை அமெரிக்கச் சேவல் கூவும் விதமாக இருக்கலாம், தங்கள் வீட்டுச் சேவல் தெளிவாகக் 'கோகோரோகோ' என்றுதான் கூவுகிறது என்று சொல்லிவிடுகிறான்.

நம் வீட்டுச் சேவலும் 'கொக்கரக்கோ' என்றுதான் கூவுகிறது. ஆகையால் இந்த வழக்கில் நமது சாட்சியம் எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சிரிப்பதற்காக எழுதப்பட்ட கதைதான். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஐம்பது வருஷத்துத் துயரம் இருக்கிறது. ஸ்பானிஷ் பேசும் ஒரு ஜன சமூகத்துக்கு ஆங்கிலம் எப்படிக் கற்பிக்கப்பட்டது, அதனால் விளைந்தது என்ன என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். வகுப்பறையில் ஆங்கில இலக்கணத்தோடு மல்லாடிக் காலம் கழிக்கும் நமக்கு அந்தத் தீவின் கதையில் தனிப்பட்ட சிரத்தை ஏற்பட்டதில் ஆச்சரியமில்லை.

கரீபியன் கடலில் சுமார் 100 மைல் நீளமும் 35 மைல் அகலமும் கொண்ட தீவு புவேர்ட்டோ ரிக்கோ. கரும்பும் காப்பியும் விளையும் பூமி. நானூறு வருஷம் ஸ்பெயின் தேசத்து ஆட்சியில் இருந்தது. 1898-இல் ஸ்பெயினுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் நடந்த யுத்தத்தின் முடிவில், பாரிஸ் ஒப்பந்தத்தின்படி, அமெரிக்காவின் கைக்கு மாறியது. அப்பொழுது தீவில் இருந்த ஒன்பதரை லட்சம் ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பேசியது ஸ்பானிஷ். புதிய எஜமானர்கள் தீவின் பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை. தங்கள் நாவுக்கு வசதியாகப் 'போர்ட்டோ ரிக்கோ' என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்தப் பிழை 1932-இல்தான் திருத்தப்பட்டது. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த முப்பத்திரண்டு வருஷம்! நம் வகுப்பில் ஒரு மாணவன் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டால் என்ன சொல்வோம்?

1900-இல் இயற்றப்பட்ட சட்டப்படி தீவின் கல்வி அதிகாரியை அமெரிக்க ஜனாதிபதியே நியமித்தார். 1905-ஐ ஒட்டி, ஃபாக்னர் என்ற அதிகாரியின் காலத்தில், எல்லா வகுப்புகளிலும் எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்திலேயே நடத்துவது என்ற கொள்கை வந்தது. ஆசிரியர்களுக்கும் ஆங்கிலப் பரீக்ஷை வைத்தார்கள். காலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன உபாத்தியாயர் மாலையில் தாமே மாணவராக உட்கார்ந்து மனப்பாடம் செய்ய நேர்ந்தது.

இங்கே சற்று நின்று, ஸ்பானிஷ் பேசும் ஒரு குழந்தைக்கு ஆங்கிலம் எவ்வாறு தோன்றும் என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஐரோப்பிய பாஷைகள், இரண்டும் ஒரே ரோமன் எழுத்தில் எழுதப்படுபவை, ஆகையால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது எளிது என்று நம்மவர் நினைப்பதுண்டு. அது பாதி உண்மை. மற்றப் பாதியில் அந்தக் குழந்தை நம் குழந்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எழுவாயை எடுத்துக்கொள்வோம். 'பேசுகிறேன்' என்று நாம் சொன்னால் போதும். பேசுவது யார் என்பது விகுதியிலேயே அடங்கியிருக்கிறது. ஸ்பானிஷிலும் அப்படியே. 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய், 'ஆப்லாமோஸ்' என்றால் பேசுகிறோம். ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இத்தகைய விகுதிகள் இருந்தன. நூற்றாண்டுகளின் தேய்மானத்தில் அவை உதிர்ந்து போய், ஒரே ஓர் 'எஸ்' மட்டும் படர்க்கை ஒருமையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. விகுதி போனதனால் 'ஐ', 'யூ', 'வீ' என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஆளை நிறுத்தியே தீரவேண்டியிருக்கிறது. இந்த நிர்ப்பந்தம் மழைக்கும் உண்டு! ஸ்பானிஷில் 'யுவேவே' என்ற ஒரே சொல்லில் மழை பெய்துவிடும். ஆங்கிலத்தில் 'இட்' என்ற ஒன்று வந்துதான் பெய்ய வேண்டும். அந்த 'இட்' யார்? வானமா, மேகமா, வருண பகவானா? புவேர்ட்டோ ரிக்கோக் குழந்தை அந்த அநாமதேயத்தை விட்டுவிட்டு 'இஸ் ரெயினிங்' என்று எழுதுகிறது. குழந்தையின் புத்தியில் கோளாறு ஏதுமில்லை. தன் பாஷையின் நியாயத்தை அது விடாமல் கடைப்பிடிக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி கேட்பதிலும் இதே தொல்லை. ஸ்பானிஷில் குரலை உயர்த்தினால் கேள்வியாகிவிடும். எழுத்தில் குரல் கேட்காது என்பதனால், வாக்கியத்தின் தொடக்கத்திலேயே தலைகீழான ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடும்படி ஸ்பானிஷ் கல்விக் கழகம் 1754-இல் விதித்தது. படிப்பவன் முதலிலேயே எச்சரிக்கை பெறுகிறான். வெகு மரியாதையான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். ஆங்கிலமோ 'டூ' என்றொரு வினைச்சொல்லை எங்கிருந்தோ கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறது. அதற்கு அந்த இடத்தில் அர்த்தம் இல்லை; இல்லாவிட்டாலோ வாக்கியம் இல்லை.

வயதைச் சொல்ல ஸ்பானிஷில் 'பத்து வருஷங்களை வைத்திருக்கிறேன்' என்பார்கள். நாம் 'எனக்குப் பத்து வயது' என்கிறோம். ஆங்கிலேயனோ பத்து வயதில்கூட 'நான் பத்து வருஷம் கிழவனாக இருக்கிறேன்' என்கிற மாதிரி சொல்லிக்கொள்கிறான். மூன்றில் எது விசித்திரம் என்பது கேட்பவன் பிறந்த ஊரைப் பொறுத்தது.

இன்னும் ஒன்று. நம் பிள்ளைகளுக்குத் 'தி' என்ற சுட்டுச் சொல் எங்கே வரவேண்டும் என்பது ஆயுள் முழுவதும் பிடிபடுவதில்லை. தமிழில் அதற்கு இணையானது இல்லை என்பதால் விட்டுவிடுகிறார்கள். ஸ்பானிஷ் பிள்ளைகளோ வேண்டாத இடத்திலும் போடுகிறார்கள். அவர்கள் பாஷையில் வாழ்வு, மரணம், அன்பு முதலிய குணப் பெயர்களுக்கும் அந்தச் சுட்டு உண்டு. ஆகவே நாம் சிவப்பு மையால் சேர்க்கும் சொல்லை அங்குள்ள உபாத்தியாயர் சிவப்பு மையால் அடிக்கிறார். இரண்டு தேசத்திலும் மைச் செலவு ஒன்றுதான்.

இரட்டை எதிர்மறையின் கதை இன்னும் வேடிக்கையானது. 'என்னிடம் ஒன்றுமில்லை இல்லை' என்பது போன்ற அமைப்பு ஸ்பானிஷில் சுத்தமான இலக்கணம். அதை ஆங்கிலத்தில் எழுதினால் படிப்பில்லாதவன் என்பார்கள். ஆனால் சாஸரும் ஷேக்ஸ்பியரும் அவ்வாறே எழுதியிருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இலக்கணக்காரர்கள்தாம் இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடாகிவிடும் என்று கணக்குப் போட்டு அதை விலக்கினார்கள். ஷேக்ஸ்பியருக்கு அனுமதித்ததை மலைக் கிராமத்துக் குழந்தைக்கு மறுப்பதுதான் வித்தியாசம்.

ஒலிக்கு வந்தால், ஸ்பானிஷில் உயிரொலி ஐந்தே ஐந்து. ஆங்கிலத்தில் அதுபோல் இரண்டு பங்குக்கு மேல். கப்பலும் செம்மறியாடும் அந்தக் குழந்தையின் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்' என்ற ஒலியோடு மெய் சேர்ந்து வந்தால் முன்னால் ஓர் 'எ' வந்து உட்கார்ந்துகொள்ளும், 'எஸ்கூல்' என்பார்கள். நம் கிராமத்தார் 'இஸ்கூல்' என்பதை எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! கடல் கடந்த இரண்டு ஜனங்கள், ஒருவரையொருவர் கேளாமலே, பள்ளிக்கூடத்தின் வாசலில் ஒரே மாதிரி இடறுகிறார்கள்.

எழுத்துக்கூட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்பானிஷ், தமிழைப் போல, ஏறக்குறைய எழுதியபடி படிக்கப்படும் பாஷை. எழுத்து தெரிந்தால் எந்தப் பக்கத்தையும் உரக்க வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் 'தோ', 'த்ரூ', 'டஃப்', 'காஃப்', 'பௌ' என்ற ஐந்து சொற்களும் ஒரே வால் கொண்டவை; ஐந்தும் ஐந்து விதமாக ஒலிக்கின்றன. காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்த பிறகு எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறைந்து போயிற்று. ஒலிகளோ அதே காலத்தில் இடம் பெயர்ந்துகொண்டிருந்தன. ஊர் மாறிப் போனவனின் பழைய விலாசம் போல எழுத்து நிற்கிறது.

சொல் வளத்தில் மட்டும் ஸ்பானிஷ்காரனுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றதன் பயனாகவும், பின்னால் வந்த கல்விமான்களின் தயவாலும், ஆங்கிலத்தில் லத்தீன் வழிச் சொற்கள் ஆயிரக்கணக்கில் குடியேறின. அவை ஸ்பானிஷின் சொந்தச் சகோதரர்கள். ஆகவே அவனுக்குக் கடினமான ஆங்கிலம் எளிது. எளிய ஆங்கிலமே கடினம்! கிப்பனின் சரித்திரத்தில் ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்வான். 'கெட் அப்', 'கெட் ஓவர்', 'புட் அப் வித்' என்று குழந்தைகள் பேசும் சொற்றொடர்களுக்கு முன் திகைத்து நிற்பான். சகோதரர்களிலும் சில துரோகிகள் உண்டு. 'எம்பராஸாதா' என்ற சொல்லை வெட்கப்பட்டவள் என்று எண்ணி ஆங்கிலத்தில் பெயர்த்தால் ஆபத்து. அது கர்ப்பிணியைக் குறிக்கும். 'எக்ஸிதோ' வெளியேறும் வழியன்று, வெற்றி. 'லிப்ரெரியா' புத்தகசாலையன்று, புத்தகக் கடை. அங்கே காசு கொடுக்காமல் நூலை எடுத்துக்கொண்டு நடந்தால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

வியாசம் எழுதுவதிலும் இரு பாஷைகளின் பழக்கம் வேறு. ஸ்பானிஷ் உரைநடை நீண்ட வாக்கியங்களை விரும்புவது; கிளைக்குள் கிளையாக எச்சங்களைச் சேர்த்துக்கொண்டு போவது. தற்கால ஆங்கிலப் பள்ளி ஆசிரியரோ முற்றுப்புள்ளிப் பிரியர். 1966-இல் ராபர்ட் கேப்லன் என்ற அமெரிக்க அறிஞர், ஆங்கிலக் கட்டுரை நேர்கோட்டில் செல்வது, லத்தீன் வழிப் பாஷைகளின் கட்டுரை இடையிடையே விலகிச் செல்வது என்று படம் போட்டே காட்டினார். ஒவ்வொரு ஜனத்தின் சிந்தனைக்கும் ஒரு கோடு வரைய முடியுமா என்று பிற்பாடு பலர் அவரை மறுத்தார்கள். மறுத்தது நியாயம் என்பதே நமது கட்சி. விலகிச் செல்லாத கட்டுரையில் படிப்பதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

இவ்வளவும் ஒரு பாடமாகப் பயிலும்போது சுவையான இடறல்கள். தினம் ஒரு மணி நேரம் இடறலாம், சிரிக்கலாம், எழுந்து நடக்கலாம். ஆனால் கணக்கும், சுகாதாரமும், பூகோளமும், சரித்திரமும் அதே பாஷையில்தான் வரும் என்றால் என்ன ஆகும்? அந்தத் தீவில் அதுதான் நடந்தது. எட்டும் ஏழும் எத்தனை என்பது குழந்தைக்குத் தெரியும். கேள்வி என்னவென்று தெரியாது. புரியாததை ஒப்புவிக்கும் வித்தையில் பிள்ளைகள் தேர்ச்சி பெற்றார்கள்.

இந்தக் கொள்கையாவது நிலையாக இருந்ததா? அதுவும் இல்லை. முதலில் கீழ் வகுப்பில் ஸ்பானிஷ், மேல் வகுப்பில் ஆங்கிலம் என்றார்கள். பிறகு எல்லாம் ஆங்கிலம் என்றார்கள். 1916-ஐ ஒட்டி முதல் நான்கு வகுப்பு ஸ்பானிஷ், ஐந்தாவது பாதிக்குப் பாதி, அதன்மேல் ஆங்கிலம் என்றார்கள். 1934-இல் எட்டாம் வகுப்பு வரை ஸ்பானிஷே போதனா பாஷை என்றார்கள். 1937-இல் மறுபடியும் ஆங்கிலத்தின் பக்கம் திருப்பினார்கள். சில வருஷத்துக்குள் அதிலிருந்தும் பின்வாங்கினார்கள். 1900-இல் உத்தியோகத்தில் அமர்ந்து 1940 வரை வேலை பார்த்த ஓர் உபாத்தியாயர் ஒரே வாய்ப்பாட்டை எத்தனை உத்தரவுகளின்படி சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தால், பெயோ மெர்ஸேயின் பெருமூச்சுக்கு அர்த்தம் விளங்கும்.

1925-இல் நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையின் ஆசிரியக் கல்லூரியிலிருந்து நிபுணர்கள் வந்து தீவின் பள்ளிக்கூடங்களை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது யாதெனில், மூன்றாம் வகுப்புக்குள்ளேயே மிகப் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பை விட்டுவிடுகிறார்கள் என்பது. கரும்புத் தோட்டத்துக் கூலி வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூட வாழ்வு மொத்தம் இரண்டு மூன்று வருஷமே. அந்தக் கொஞ்ச காலத்தில் பெரும் பங்கு, இனி ஒருநாளும் காதில் விழப் போகாத ஒரு பாஷையின் சொற்களை ஒப்புவிப்பதில் போயிற்று. வெளியே வரும்போது ஆங்கிலமும் வரவில்லை. தாய்ப் பாஷையில் ஒரு கடிதம் எழுதவும் வரவில்லை. நாலாம் வகுப்புக்கு முன் ஆங்கிலம் வேண்டாம் என்று அந்த நிபுணர்களே சிபாரிசு செய்தார்கள்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. கவியும் சட்டசபைத் தலைவருமான ஹோஸே தெ தியேகோ ஸ்பானிஷுக்காக வாதாடினார். 1915-இல் தாய்ப் பாஷையைப் போதனா பாஷையாக்கும் மசோதா சட்டசபைக்கு வந்தது. அதற்கு ஆதரவாகக் கையெழுத்துச் சேகரித்த ஒரு மாணவரைத் தலைநகரிலுள்ள உயர்தரப் பள்ளிக்கூடம் வெளியேற்றியது. உடனே மற்ற மாணவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். மசோதா அந்தத் தடவை நிறைவேறவில்லை. 1946-இல் நிறைவேறிய மற்றொரு மசோதாவை அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் நிராகரித்தார்.

இந்தப் போராட்டத்தில் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. ஸ்பானிஷுக்காக முன்னின்றவர்களிற் பலர் ஆங்கிலத்தை வெறுத்தவர்கள் அல்லர். அதை எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர்கள். 1934-இல் தாய்ப் பாஷையைத் திரும்பக் கொண்டுவந்த கல்வி அதிகாரி ஹோஸே பதீன் அமெரிக்கக் கல்லூரியில் பயின்றவர். 1916-இலேயே எட்டாம் வகுப்பு மாணவர்களின் ஆங்கிலத்தைச் சோதித்து, உள்ள நிலைமையை எழுதி வைத்தவர். தீவின் ஜனங்கள் தாமே தேர்ந்தெடுத்த முதல் கவர்னர் லூயிஸ் முன்யோஸ் மரீன், இளமையில் அமெரிக்காவில் வளர்ந்து, அங்குள்ள பத்திரிகைகளில் நேர்த்தியான ஆங்கிலக் கட்டுரைகள் எழுதியவர். 1949-இல் அவர் பதவி ஏற்றதும் கல்வி அதிகாரியாக மரியானோ வில்யரோங்கா வந்தார். எல்லா வகுப்புகளிலும் ஸ்பானிஷில் போதனை, ஆங்கிலம் கட்டாயமான ஒரு பாடம் என்பது தீர்மானமாயிற்று. அந்த ஏற்பாடே பொதுப் பள்ளிக்கூடங்களில் இன்றளவும் அடிப்படையாக இருந்து வருகிறது. ஒரு பாஷையை அறிந்தவனுக்குத்தான் அதை எந்த இடத்தில் வைப்பது என்றும் தெரிகிறது போலும்.

ஸ்பானிஷ் மட்டும் அந்தத் தீவில் சாதுவாக வந்திறங்கியதா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கொலம்பஸ் கப்பலேறிய அதே 1492-இல் நெப்ரிஹா என்ற பண்டிதர் முதல் ஸ்பானிஷ் இலக்கணத்தை அச்சிட்டு, ராஜ்யத்தோடு பாஷையும் கூடவே செல்லும் என்ற கருத்தை முன்னுரையில் எழுதி ராணி இஸபெல்லாவுக்குச் சமர்ப்பித்தார். அவ்வாறே சென்றது. தீவின் பூர்வ குடிகளான தைனோ ஜனங்களின் பாஷை அழிந்தது. சூறாவளிக்கும், ஊஞ்சல் படுக்கைக்கும், மரத்தோணிக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர்கள் மட்டும் ஸ்பானிஷ் வழியாக ஆங்கிலத்தில் ஏறி, 'ஹரிக்கேன்', 'ஹாமக்', 'கனூ' என்று உலகத்தைச் சுற்றி வருகின்றன. ஆனால் நானூறு வருஷத்துக்குப் பின் ஒரு குழந்தை தாயிடம் கேட்ட பாஷை ஸ்பானிஷ்தான். சரித்திரத்தின் குற்றத்துக்காக அந்தக் குழந்தையைத் தண்டிக்க முடியாது.

1991-இல் தீவின் அரசாங்கம் ஸ்பானிஷை மட்டும் ஆட்சி பாஷையாக அறிவித்தது. அதற்காகத் தீவின் ஜனங்களுக்கு ஸ்பெயின் தேசத்துப் பரிசு ஒன்றும் கிடைத்தது. 1993-இல் கட்சி மாறியதும் இரண்டும் ஆட்சி பாஷைகள் என்று சட்டம் மாறியது. ஜனங்கள் இரண்டு சட்டத்தின் கீழும் ஒரே மாதிரியே பேசினார்கள். இன்று வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் பத்தில் ஒன்பது பேருக்கு மேல். ஆயினும் தலைநகரான ஸான் ஹுவானிலுள்ள அமெரிக்க மத்திய நீதிமன்றத்தில் விசாரணை ஆங்கிலத்திலேயே நடக்கிறது. ஆங்கிலம் போதிய அளவு அறியாதவர் அங்கே ஜூரியாக அமர முடியாது. தன் ஊரான் ஒருவன் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் தகுதியை, அவன் பேசாத ஒரு பாஷை நிர்ணயிக்கிறது.

உத்தரவின்றி வந்த ஆங்கிலம் ஸ்பானிஷ் உலகில் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டாமா? ஆர்ஜெண்டீனா தேசத்தில் 1899-இல் பிறந்த ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸுக்கு ஆங்கிலம் பாட்டியின் மடியில் வந்தது. அந்த அம்மாள் இங்கிலாந்தில் பிறந்தவர். தகப்பனாரின் ஆங்கிலப் புத்தகங்களுக்கிடையே பையன் வளர்ந்தான். பத்து வயதை ஒட்டி ஆஸ்கார் ஒயில்டின் 'மகிழ்ச்சியான இளவரசன்' கதையை அவன் ஸ்பானிஷில் பெயர்க்க, அது தலைநகரத்துப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. ஸ்பானிஷ் இலக்கியத்தின் மகுடமான 'தோன் கிஹோத்தே'யையே முதலில் ஆங்கிலத்தில் படித்ததாகவும், மூலத்தைப் பின்னால் பார்த்தபோது அது சுமாரான மொழிபெயர்ப்பாகத் தோன்றியதாகவும் அவர் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டதுண்டு. பிற்காலத்தில் கண் பார்வை போன பிறகு, தம் மாணவர்கள் சிலரைக் கூட வைத்துக்கொண்டு ஆயிரம் வருஷத்துக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தைக் கற்கத் தொடங்கினார். எழுதியதெல்லாம் ஏறக்குறைய ஸ்பானிஷில்.

நம் தேசத்துக்கு நெருக்கமான உதாரணம் ஒன்றும் இருக்கிறது. ஸ்பெயினில் பிறந்த ஸெனோபியா கம்ப்ருபீ என்ற பெண்மணியின் தாயார் புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர். ஆங்கிலம் குடும்பத்தில் புழங்கிய பாஷை. ரவீந்திரநாத தாகூருக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்த இரண்டு வருஷத்துக்குள், அவருடைய பிள்ளைக் கவிதைகளின் தொகுதியை ஸெனோபியா ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷில் பெயர்த்தார். கவிஞர் ஹுவான் ரமோன் ஹிமேனெஸ் அந்த வரிகளுக்கு மெருகு கொடுத்தார்; மறு வருஷம் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். தொடர்ந்து தாகூரின் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வங்காளத்தில் பிறந்த சொல், கவியின் கையாலேயே ஆங்கிலமாகி, ஒரு பெண்ணின் கையால் ஸ்பானிஷாகி, மாட்ரிட் முதல் ஸாந்தியாகோ வரை வாசிக்கப்பட்டது. உள்நாட்டு யுத்தத்தில் ஸ்பெயினை விட்டு வெளியேறிய அத்தம்பதிகள் கடைசிக் காலத்தைப் புவேர்ட்டோ ரிக்கோவில் கழித்தார்கள். 1956 அக்டோபரில் ஹுவான் ரமோனுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் ஸெனோபியா அங்கேயே காலமானார்.

கடைசியாக எஸ்மெரால்தா ஸாந்தியாகோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1948-இல் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். பதின்மூன்றாம் வயதில் தாயாருடன் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்கு வந்தார். ஆங்கிலம் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வகுப்புக் கீழே போடப் பார்த்தார்கள். அந்தச் சிறுமி தனக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கிலச் சொற்களையும் கைச்சாடையையும் வைத்துக்கொண்டே தலைமையாசிரியரோடு வாதாடி மேல் வகுப்பில் இடம் பிடித்தாள். பிறகு நூல்நிலையத்துக்குப் போய், சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான படப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தாள். படத்தைப் பார்த்துப் பெயர்ச் சொல்லைக் கற்றாள். பெயோ மெர்ஸேயின் மாணவர்கள் பார்த்ததைப் போன்ற படங்கள்தாம். இந்தத் தடவை புத்தகத்தைப் பிரித்தவள் அவளே. ஹார்வர்டு சர்வகலாசாலையில் பட்டம் பெறும் வரை போனாள்.

தன் பால்யத்தின் கதையை 'நான் புவேர்ட்டோ ரிக்கோக்காரியாக இருந்தபோது' என்ற பொருள்படும் தலைப்பில் 1993-இல் அவர் ஆங்கிலத்திலேயே எழுதி வெளியிட்டார். அதில் வரும் தாயாரும், தகப்பனாரும், தகரக் கூரை வீடும், கொய்யாப் பழமும் ஸ்பானிஷில் வாழ்ந்தவை. புத்தகத்தை ஸ்பானிஷில் பெயர்க்க வேறொருவரை விடாமல் ஸாந்தியாகோ தாமே உட்கார்ந்தார். முப்பது வருஷம் ஆங்கிலத்தில் படித்தும் எழுதியும் வந்தவர், தம் தாயார் பேசிய வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து எழுதினார். ஸ்பானிஷ்ப் பிரதி 1994-இல் வெளிவந்தது.